கிழமை

மாதுங்காக் கடைத்தெருவில் வாழையிலை வாங்கும்போதும் செம்பூரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போதும் 'இன்று என்ன கிழமை?' என்று வினவுகின்றோம். அச்சொல்லின் பழம்பொருள் உரிமை என்பதாகும். ஆறாம் வேற்றுமைப் பொருளைக் கிழமைப்பொருள் என இலக்கணம் கூறும். 'சாத்தனது வீடு' என்றால் வீடு சாத்தனுக்கு உரியது. நிலத்துக்கு உரியவர் கிழார். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்னும் புலவர் பெயர்களைக் காண்க. சேக்கிழார் பெயரிலும் அச்சொல் உண்டு. அகப்பொருளில் தலைவனும் தலைவியும் கிழவன், கிழத்தி எனப்பட்டனர். இன்று கிழவன் என்று அழைத்தால் எவர்தாம் பொறுப்பர்? வள்ளுவரோ நெடுநாள் நண்பர் நம்மிடம் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் 'பழைமை' அதிகாரத்தின் முதற்குறளிலேயே கிழமை என்கிறார்.

உரிமைச் சொல் நாட்பெயரானது எங்ஙனம்? முன்னோர் நாளை விண்மீனால் அறிந்தனர். நாள் என்னும் சொல்லுக்கே விண்மீன் என்ற பொருளும் உண்டு. ஏழுநாள் வாரம் மேலை நாடுகளிலிருந்து பின்னர் வந்தது. இந்நாட்டில் வாரநாள் குறித்த மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று மத்தியப் பிரதேசத்து ஏரண் தூணில் உள்ளது, ஆண்டு கி.பி. 484, நாள் வியாழன். ஒவ்வொரு நாளும் ஒரு கோளுக்கு உரியது என்னும் அக்கணக்கை ஏற்ற தமிழர், அந்நாளை அக்கோளின் கிழமை என்றனர். மராத்தியர் வழங்கும் 'வார்' என்பதோ முறை என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. அவ்வடசொல்லை நாம் ஏழுநாள் தொகுதிக்கு வைத்துக்கொண்டு, தனிநாளுக்கு வீட்டுச் சொல்லையே சூட்டினோம். நம் கருத்தில் இது மிக நல்ல தேர்வு.

ஞாயிற்றுக்குரிய அந்நாள் உழைப்பாளிக்கும் உரியதானது நாம் வாழும் இம்மாநகரின் பஞ்சாலைகளில் ஆகும். 1884-இல் நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் பரேலில் கூடிய ஆலைத் தொழிலாளர் வாரந்தோறும் ஞாயிறு ஓய்வும், நண்பகலில் அரைமணி இடைவேளையும் வேண்டினர். 5,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். ஞாயிறு ஜெஜுரிக் கண்டோபாவுக்கு உரிய நாள் என்பதும் லோகாண்டேயின் வாதம். ஈண்டும் கிழமையே பேசுகிறது. ஆறாண்டு கழித்து, 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் இசைந்தனர். மறு ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் வார ஓய்வை ஏற்றது.

அச்சட்டமும் பின்வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் குறித்த எண்ணிக்கைக்குக் குறையாத தொழிலாளர் கொண்ட தொழிற்சாலைகளையே கருதின. சிறு பட்டறைகள் அவற்றுக்கு வெளியே நின்றன. தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையினின்று நம்மவர் குடியேறிய தாராவியில், துண்டுக்கூலிக்குத் தைப்போரின் பொறி ஓசை ஞாயிற்றுக்கிழமையும் கேட்பதுண்டு.