ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் வரலாறு

ரியல்நெட்வொர்க்ஸ் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மென்பொருள் நிறுவனம். ஒலி, காணொளிக் கோப்புகளை முழுவதும் பதிவிறக்கிய பிறகே திறக்க முடியும் என்றிருந்த காலத்தில், அவை வந்துகொண்டிருக்கும்போதே கேட்கவும் பார்க்கவும் வழி செய்து அதை உலகெங்கும் பரப்பியது இந்நிறுவனமே. ஸ்ட்ரீமிங் என்று இன்று வழங்கும் முறை இதுதான். இதன் ரியல்பிளேயர் மென்பொருள் ஒரு காலத்தில் கோடிக்கணக்கான கணினிகளில் இருந்தது. பின்னர் அதே மென்பொருளைப் பயனர்கள் வெறுத்து நீக்கினார்கள். அதற்கு மைக்ரோசாஃப்டின் போட்டியை மட்டும் காரணம் காட்டுவது போதாது.

தோற்றம்

நிறுவனரான ராப் கிளேசர் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். மைக்ரோசாஃப்டில் பத்தாண்டுகள் பணியாற்றி, பல்லூடகப் பிரிவின் துணைத்தலைவராக உயர்ந்தவர். 1993இல் அங்கிருந்து விலகினார். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய நிறுவனத்தின் முதற்பெயர் புரொகிரஸிவ் நெட்வொர்க்ஸ், அதாவது 'முற்போக்கு வலையமைப்புகள்'. முற்போக்கு அரசியல் கருத்துகளைப் பரப்புவதே அவருடைய முதல் நோக்கமாக இருந்ததால் இப்பெயர் அமைந்தது. கருத்தைப் பரப்ப அவர் உருவாக்கிய கருவிக்குத்தான் சந்தையில் மதிப்பு இருந்தது.

அன்றைய இணைப்பு எவ்வளவு குறுகலானது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். குறுந்தட்டில் உள்ள ஒரு நிமிட இசை ஏறத்தாழ 10 மெகாபைட். வீடுகளில் இருந்த மோடம் தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 14,400 பிட் மட்டுமே கடத்தும். அந்த ஒரு நிமிட இசை வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

1995 ஏப்ரலில் வெளிவந்த ரியல்ஆடியோ இந்தச் சிக்கலைப் பல வழிகளில் எதிர்கொண்டது. ஒலியைக் கடுமையாகச் சுருக்கியது. தரம் மத்திய அலை வானொலி அளவுக்கு இறங்கினாலும் பேச்சு புரிந்தது. முதலில் சில நொடிகளுக்கான ஒலியைச் சேமித்துக்கொண்டு பிறகே ஒலிக்கத் தொடங்கியது. நடுவில் இணைப்பு சற்றுத் தடுமாறினாலும் அந்த இருப்பு ஈடுகட்டும். 'பஃபரிங்' என்ற சொல்லைப் பொதுமக்கள் அறிந்தது இப்படித்தான். வழியில் தொலைந்துபோன தரவுப் பொட்டலத்துக்காகக் காத்திராமல் மேலே செல்லும் வழியும் பின்னர் சேர்க்கப்பட்டது. கடிதத்தில் ஒரு வரி அழிந்தால் திரும்பக் கேட்டு வாங்கலாம். நேரடி ஒலிபரப்பில் போன நொடி போனதுதான்.

1995 செப்டம்பர் 5 அன்று சியாட்டில் மரினர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகளின் பேஸ்பால் ஆட்டம் ரியல்ஆடியோ வழியே நேரடியாக ஒலிபரப்பானது. இணையத்தின் தொடக்ககால நேரடி ஒலிபரப்புகளில் இது பெயர்பெற்றது.

காணொளியும் வளர்ச்சியும்

1997 பிப்ரவரியில் ரியல்வீடியோ வந்தது. அறிமுகத்தின்போது இயக்குநர் ஸ்பைக் லீயின் குறும்படங்கள் காட்டப்பட்டன. படம் தபால்தலையைவிடச் சற்றே பெரியது, அசைவும் விட்டுவிட்டுத்தான். ஆயினும் தொலைக்காட்சி நிலையம் இல்லாத ஒருவரும் உலகுக்குப் படம் காட்டலாம் என்பது அன்று பெரும் புதுமை. அதே ஆண்டு நிறுவனத்தின் பெயர் ரியல்நெட்வொர்க்ஸ் என மாறியது. நவம்பரில் பங்குகள் நாஸ்டாக் சந்தைக்கு வந்தன.

பிளேயர் இலவசம். ஒலிபரப்புவோர் நிறுவும் வழங்கி மென்பொருளுக்குத்தான் விலை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் கேட்கலாம் என்பதைப் பொறுத்து அந்த விலை ஏறும். கேட்பவர்கள் பெருகப் பெருக வழங்கிக்கும் தேவை பெருகியது.

வெளிநாடுகளில் வாழ்ந்த தமிழர்களுக்கும் இம்மென்பொருள் பழக்கமானது. பிபிசி தமிழோசையின் ஒலிபரப்பையும், ராகா போன்ற தளங்களில் இருந்த திரைப்பாடல்களையும் ரியல்பிளேயர் வழியாகவே அன்று பலர் கேட்டனர். பின்னாளில் நோக்கியாவின் சிம்பியன் கைப்பேசிகளிலும் ரியல்பிளேயர் இடம்பெற்றது.

மைக்ரோசாஃப்டுடன் மோதல்

1997இல் மைக்ரோசாஃப்ட் 3 கோடி டாலர் கொடுத்து ரியல்நெட்வொர்க்ஸின் 10 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அதன் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கும் பணம் கொடுத்தது. நட்பு நீடிக்கவில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில் விஎக்ஸ்ட்ரீம் என்ற போட்டி நிறுவனத்தையும் அது விலைக்கு வாங்கியது. 1998 ஜூலையில் கிளேசர் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்து, விண்டோஸ் மீடியா பிளேயரை நிறுவினால் ரியல்பிளேயர் செயலிழக்கிறது என்று குற்றஞ்சாட்டினார். பிழை ரியல்பிளேயரில்தான் என்பது மைக்ரோசாஃப்டின் பதில்.

விண்டோஸுடனேயே ஒரு பிளேயர் விலையின்றி வரும்போது வேறொன்றைத் தேடிப் பதிவிறக்குவோர் குறைவு. வழங்கி மென்பொருளையும் மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளத்துடன் சேர்த்தே கொடுத்தது. ரியல்நெட்வொர்க்ஸின் வருமானமே அதில்தான் இருந்தது. 2003 டிசம்பரில் அது வழக்குத் தொடுத்தது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்க ஆணையிட்டது. அப்படி வந்த பதிப்பை வாங்க ஆளில்லை. ரியல்நெட்வொர்க்ஸின் வழக்கு 2005 அக்டோபரில் 76.1 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாட்டில் முடிந்தது. பணம் கிடைத்தது, சந்தை திரும்பவில்லை.

இழந்த நம்பிக்கை

சந்தை கைநழுவியதில் நிறுவனத்தின் சொந்தச் செயல்களுக்கும் பங்குண்டு. இலவசப் பிளேயரைத் தேடி வருபவர் விலையுள்ள பதிப்பின் பெரிய பொத்தான்களைக் கடந்து, மூலையில் இருக்கும் சிறிய இணைப்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நிறுவியபின் விளம்பர அறிவிப்புகள் தாமாக எழும். மற்ற பிளேயர்களில் திறந்துவந்த கோப்புகளையும் ரியல்பிளேயர் தன்பால் இழுத்துக்கொள்ளும். 1999இல் இன்னொரு செய்தி வெளியானது: இந்நிறுவனத்தின் ரியல்ஜூக்பாக்ஸ், பயனர் கேட்கும் இசை பற்றிய விவரங்களைத் தனி அடையாள எண்ணுடன் நிறுவனத்துக்கு அனுப்பி வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, திருத்தம் வெளியிட்டது. 2006இல் பிசி வேர்ல்டு இதழ் வெளியிட்ட மிக மோசமான 25 தொழில்நுட்பப் பொருள்களின் பட்டியலில் ரியல்பிளேயர் இரண்டாம் இடம் பெற்றது.

இதற்கிடையே இணையப் பக்கத்துக்குள்ளேயே படம் காட்டும் ஃபிளாஷ் பரவியது. 2005இல் தொடங்கிய யூடியூப் அதைத்தான் பயன்படுத்தியது. தனிப் பிளேயர் என்ற ஒன்றே பலருக்குத் தேவைப்படாமல் போயிற்று. சீனாவில் மட்டும் ஆர்எம்விபி என்ற ரியல் வடிவம் திரைப்படக் கோப்புகளுக்கு நெடுநாள் புழங்கியது.

பிற்காலம்

நிறுவனம் வேறு வழிகளைத் தேடாமல் இல்லை. 2003இல் வாங்கிய ராப்சோடி, மாதச் சந்தாவுக்கு எத்தனை பாடல் வேண்டுமானாலும் கேட்கும் சேவை. ஸ்பாட்டிஃபை தொடங்குவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இது நிறுவனத்தின் கையில் இருந்தது. 2010இல் அதைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டனர். டிவிடிகளைக் கணினியில் நகலெடுக்கும் ரியல்டிவிடியை ஹாலிவுட் நிறுவனங்கள் நீதிமன்றம் சென்று நிறுத்தின. கிளேசர் 2010 ஜனவரியில் தலைமைச் செயல் அலுவலர் பதவியை விட்டு, 2012இல் திரும்பினார். அந்த ஆண்டு 190 காப்புரிமைகளும் காணொளிச் சுருக்க மென்பொருள் ஒன்றும் 12 கோடி டாலருக்கு இன்டெலுக்குக் கைமாறின. 2022 டிசம்பரில் கிளேசர் மற்றவர்களின் பங்குகளைத் தலா 73 சென்ட் கொடுத்து வாங்க, நிறுவனம் பங்குச்சந்தையிலிருந்து வெளியேறியது.

நெட்ஸ்கேப், கொலம்பியா பல்கலைக்கழகம் ஆகியவற்றுடன் சேர்ந்து ரியல்நெட்வொர்க்ஸ் வகுத்த ஆர்டிஎஸ்பி என்ற நெறிமுறை 1998இல் வெளியிடப்பட்டது. ஓடும் ஒலியையும் படத்தையும் தொடங்கு, நிறுத்து என்று வழங்கிக்குக் கட்டளையிடும் முறை அது. இணையத்துடன் இணைந்த கண்காணிப்புக் கேமராக்கள் பலவற்றிலிருந்து இன்றும் படம் எடுத்துவரப்படுவது அந்நெறிமுறை வழியேதான்.