திப்பியில் விளையும் அமைலேஸ்: திண்மநிலை நொதித்தலுக்கு உரிய இடம் எது?

வேளாண் கழிவில் பூஞ்சையை வளர்த்து நொதி எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஜப்பானிலிருந்து அமெரிக்கா சென்ற தகமினே ஜோகிச்சி, கோதுமைத் தவிட்டில் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயை வளர்த்து மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியைப் பிரித்தெடுத்தார். 1894இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ‘டாக்கா டயஸ்டேஸ்’ என்ற பெயரில் அது செரிமான மருந்தாக விற்பனைக்கு வந்தது. இன்றும் நம் ஆய்வேடுகள் பல, 250 மில்லி குடுவையில் ஒரு பிடித் தவிட்டை வைத்து அதே கேள்வியை மறுபடி கேட்கின்றன. எந்தக் கழிவு, எந்த ஊர், எந்தத் தொழிலின் தேவை என்பதை முதலில் முடிவு செய்யாத வரை திண்மநிலை நொதித்தல் என்னும் இத்துறை குடுவையை விட்டு வெளியே வராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரவள்ளியை எடுத்துக்கொள்வோம். சேலம், நாமக்கல் வட்டாரங்களின் சேகோ ஆலைகளில் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் நார்ச்சக்கையே திப்பி. எவ்வளவு அலசினாலும் அதன் உலர் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து தங்கிவிடுகிறது. அதே மரவள்ளி மாவு பருத்திப் பாவு நூலுக்குக் கஞ்சியாகவும் பயன்படுகிறது. தறியில் நூல் அறாமல் காக்கும் அந்தக் கஞ்சியைச் சாயம் ஏற்றும் முன் முழுவதும் நீக்க வேண்டும். இல்லையென்றால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கஞ்சியை நீக்குவது, மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியான அமைலேஸ். திப்பி கிடைக்கும் இடத்துக்கும் பள்ளிபாளையம், குமாரபாளையம், ஈரோடு பகுதிகளின் தறிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் இடையே உள்ள தூரம் சில மணி நேரப் பயணம்தான். மூலப்பொருளும் தேவையும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடங்கள் அரிது.

இங்கே தடையாக நிற்பது பூஞ்சையோ திப்பியோ அல்ல, வெப்பம். ஈரப்படுத்தி அவித்த திப்பியோடு புரதக் குறையை ஈடுகட்டக் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கைச் சேர்த்து, வித்து தூவித் தட்டில் பரப்பினால், முதல் அரை நாளில் பெரிதாக எதுவும் தெரியாது. பிறகு வெள்ளை இழைகள் துகள்களைப் பிணைக்கும். ஒரு நாள் ஆகும்போது தட்டின் நடுவில் கை வைத்தால் சுடும். ஒரு கிலோ உலர்பொருளில் 100 கிராம் மாவுச்சத்தைப் பூஞ்சை முழுதும் சுவாசித்து எரித்தால் ஏறத்தாழ 1,700 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். அதாவது, அந்த வெப்பத்தை ஆவியாதல் மட்டுமே வெளியேற்ற வேண்டுமானால் 700 கிராம் நீர் போயாக வேண்டும். தட்டில் பரப்பிய 60 விழுக்காடு ஈரமுள்ள படுகையில், ஒரு கிலோ உலர்பொருளுக்கு இருப்பதே 1.5 கிலோ நீர். குளிர்வித்தால் படுகை காய்கிறது. குளிர்விக்காவிட்டால் வெப்பநிலை 40 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறிப் பூஞ்சை தளர்கிறது. 10 கிராம் தவிடு உள்ள குடுவையில் இந்தச் சிக்கல் கண்ணில் படாது, கண்ணாடிச் சுவரே வெப்பத்தைக் கடத்திவிடும். குடுவையில் கண்டறிந்த ‘உகந்த நிலை’ தட்டில் பொய்த்துப்போவது இதனால்தான்.

தீர்வு எளியதுதான்: சில சென்டிமீட்டருக்கு மேல் உயராத படுகை, ஈரக்காற்று ஓட்டம், நேரத்தோடு கிளறிவிடுதல். இதற்கு ஆள்வேலை மிகுதி என்பது உண்மையான குறை. ஆனால் நெடுந்தூரச் சந்தைக்காக நொதியைத் தூய்மைப்படுத்தி, செறிவூட்டி, நிலைப்படுத்தும் செலவு இங்கே இல்லை. பச்சை நிற வித்துகள் நிறையும் முன் தட்டை இறக்கி, நீரில் ஊறவைத்து வடித்த சாறே கஞ்சி நீக்கத்துக்குப் போதும்.

ஓர் எதிர்வாதம் வலுவானது. கடையில் கிடைக்கும் பாக்டீரிய அமைலேஸ் 90 பாகையிலும் தாங்கும். பூஞ்சை அமைலேஸ் 50 முதல் 60 பாகையில்தான் நன்றாக வேலை செய்யும். தொடர் இயந்திரம் ஓடும் பெரிய ஆலைக்கு இது குறைதான். துணியைத் தொட்டியில் ஊறவைத்து எடுக்கும் சிறு பட்டறைக்கோ, கொதிநிலை வரை காய்ச்ச வேண்டாம் என்பது விறகு மிச்சம். பாலிவினைல் ஆல்கஹால் கலந்த கஞ்சிக்கு இந்த நொதி உதவாது என்பதையும், கஞ்சியைக் கரைக்கும் நொதி கழிவுநீரின் கரிமச் சுமையைக் குறைப்பதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. கரைந்த சர்க்கரையும் சாக்கடைக்குத்தான் போகிறது. ‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்று பெயர் சூட்டிவிட்டு இதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

வித்து விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயின் நெருங்கிய உறவான ஃபிளேவஸ், அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கக்கூடியது. ஊர் மண்ணிலிருந்து பிரித்த பூஞ்சையை இனம் உறுதிசெய்யாமல் நேரே தட்டில் இடும் வழக்கம் நிற்க வேண்டும். சண்டிகரில் உள்ள நுண்ணுயிர் சேகரிப்பு மையம் போன்ற இடங்களிலிருந்து அறியப்பட்ட வித்தை வாங்குவதே முறை. இன்னொன்று: திப்பி இன்று கழிவாகக் கிடப்பதும் இல்லை. காயவைத்து மாட்டுத் தீவனமாக விற்கிறார்கள். நொதி எடுத்தபின் மிஞ்சும் சக்கையில் மாவுச்சத்து குறைந்து பூஞ்சைப் புரதம் கூடியிருக்கும். அது தீவனத்துக்குத் திரும்பாவிட்டால், சாயப்பட்டறையின் ஆதாயத்துக்கு மாடு வளர்ப்பவர் விலை கொடுக்க நேரும். நஞ்சுச் சோதனை இல்லாமல் திருப்பிக் கொடுக்கவும் கூடாது.

கிராமுக்கு இத்தனை அலகு நொதி என்று ஆய்வேடுகள் தரும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடிவதில்லை. ஒருவர் விடுபட்ட சர்க்கரையை அளக்கிறார், இன்னொருவர் அயோடினின் நீலம் மறையும் நேரத்தை அளக்கிறார், வெப்பநிலையும் அமிலத்தன்மையும் ஆளுக்கொன்று. பட்டறையில் நடக்கும் சோதனை இதைவிடத் தெளிவானது: துணியில் ஒரு சொட்டு அயோடின் விட்டு, நீலம் படர்ந்தால் கஞ்சி இருக்கிறது. இனி இத்துறையில் எழுதுவோர் ஒரு கிலோவுக்குக் குறையாத தட்டில் நொதித்து, படுகையின் நடு வெப்பத்தை மணிதோறும் குறித்து, ஒரு மீட்டர் துணிக்குக் கஞ்சி நீக்க ஆன செலவையும் சேர்த்து வெளியிட வேண்டும். இதழாசிரியர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.