கடனில் எழுந்த செழிப்பு: 1929 அமெரிக்கா தரும் பாடம்

முதல் உலகப் போருக்குப் பின், 1920களில் அமெரிக்கா செழிப்பில் திளைத்தது. கார், வானொலி என எல்லாம் தவணையில் கிடைத்தன. பங்குகளையும் பலர் கடனில்தான் வாங்கினார்கள். சில சமயம் விலையில் 10 சதவீதம் கையில் இருந்தாலே போதும். மீதியைத் தரகர் வட்டிக்குத் தருவார். விலை இறங்கியதும் தரகர்கள் பணம் கேட்டு நெருக்கினார்கள். கட்ட முடியாதவர்களின் பங்குகள் விற்கப்பட, விலை மேலும் சரிந்தது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை வீழ்ந்தது.

அடுத்து வந்த பெருமந்தத்தில், 1933க்குள் சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. தொழிலாளர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. ஒரு பங்குகூட வாங்காமல் வங்கியில் சேமித்த ஏழைகளும் பணத்தை இழந்தார்கள்.

வட்டியையும் சூதையும் மார்க்கம் தடுத்திருப்பது தனிமனிதரை மட்டுமல்ல, சமூகத்தையே காப்பதற்காக என்பதை இந்த வரலாறு நமக்கு உணர்த்துகிறது.