காவிரிக் கரை மறந்த சமயம்

உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலம். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க அவருக்குத் துணை கிடைத்தது. கும்பகோணத்திலேயே சமணர் வீடுகள் இருந்தன; போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். மணிமேகலை ஏட்டை எடுத்தபோதுதான் சங்கடம் வந்தது. சொல்லெல்லாம் தமிழ்; பொருள் மட்டும் பிடிபடவில்லை. கேட்கலாம் என்றால் பௌத்தர் வீட்டுத் திண்ணை ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை. கடைசியில், அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்த ரங்காசாரியார், இது பௌத்த விஷயம் என்று கண்டுகொண்டு, ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து அவருக்கு விளக்கினார்.

நினைத்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில் தொடங்கும் கதை. அதைக் காவிரிக் கரையில் வாழ்ந்த பெரும் புலவர் புரிந்துகொள்ள ஆங்கிலப் புத்தகம் வேண்டியிருந்தது!

அந்தச் சமயம் சொல்வதுதான் என்ன? சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் லும்பினியில் பிறந்த சாக்கிய குலத்து இளைஞன் சித்தார்த்தன். மூப்பையும் நோயையும் சாவையும் கண்டு கலங்கி, 29 வயதில் மனைவியையும் குழந்தையையும் விட்டு வெளியேறினான் என்பது வழிவழி வந்த வரலாறு. ஆறு வருஷம் அலைந்தான். உடம்பை வாட்டிப் பார்த்தான். பிறகு, சுகபோகமும் வழியல்ல, பட்டினியும் வழியல்ல என்று தெளிந்து, கயைக்கு அருகே ஓர் அரசமரத்தடியில் புத்தரானான்.

காசிக்குப் பக்கத்தில் சாரநாத்தில் அவர் முதலில் உபதேசித்தவை நான்கு உண்மைகள். துக்கம் உண்டு, துக்கத்துக்குக் காரணம் ஆசை, ஆசை அற்றால் துக்கம் அறும், அதற்கு நற்காட்சி முதலாக எட்டு உறுப்புள்ள வழி ஒன்று இருக்கிறது. வைத்தியர் நோயைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, குணமாகும் என்று தைரியம் சொல்லி, மருந்தையும் சொல்வதுபோல.

நிலையான ஆத்மா என்று ஒன்று இல்லை என்றும் பௌத்தம் சொல்கிறது. அப்படியானால் மறுபிறப்பு எப்படி? நம் ஊர் மிராசுதாரருக்கு இது புரியும். போன வருஷத்துச் சம்பா நெல்லை விதைநெல்லாகக் கோட்டை கட்டி, இந்த வருஷம் விதைக்கிறோம். இப்போது அறுக்கும் நெல் அதே நெல்லா? இல்லை. அதற்குச் சம்பந்தமில்லாத நெல்லா? அதுவும் இல்லை. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது. அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசித்த பன்னிரு சார்பின் அடிப்படை இதுதான்.

இந்தக் கொள்கை சோழநாட்டுக்கு அந்நியமாக இருக்கவில்லை. கி. மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அசோகர் தம் கல்வெட்டில் சோழரைக் குறிப்பிடுகிறார். பூம்புகாரில் பல்லவனேச்சரம் பகுதியில் அகழ்ந்தபோது ஒரு விஹாரத்தின் செங்கல் சுவர்களும் கல்லில் செதுக்கிய புத்த பாதமும் வெளிப்பட்டன. உறையூர்க்காரரான புத்ததத்தர், பூதமங்கலத்து விஹாரத்தில் தங்கிப் பாலி மொழியில் நூல் எழுதினார்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் நாகப்பட்டினம். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குச் சூடாமணி விஹாரத்தைத் தெரியும். காய்ச்சலில் கிடந்த அருள்மொழிவர்மர் அங்கேதான் அடைக்கலம் பெறுகிறார். அது கதை. நடந்தது அதைவிடச் சுவையானது. கடல் கடந்த ஸ்ரீவிஜய மன்னன் ஒருவன் தன் தந்தை பெயரால் அந்த விஹாரத்தைக் கட்டினான். 1006இல் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தை அளித்தான். சுமார் 97 வேலி நிலம். வருஷத்துக்கு ஏறக்குறைய 8,900 கலம் நெல்! சிவபாதசேகரன் என்று பெயர் கொண்டவன், பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், புத்தருக்கும் படி அளந்தான். ஹாலந்து தேசத்து லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால், இந்தச் சாசனத்துக்கு லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்.

பிறகு என்ன ஆயிற்று? பக்தி வெள்ளத்தில் கிராமங்கள் முன்பே சைவ, வைணவப் பக்கம் திரும்பிவிட்டன. கப்பல்கள் வந்தவரை நாகப்பட்டினம் தாக்குப்பிடித்தது. வணங்குவோர் குறைய, சிலைகள் மண்ணுக்குள் போயின. 1856இலிருந்து 1934 வரை அங்கே சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. மண்ணுக்கு மேலே மிஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தை, அரசாங்க அனுமதியோடு, 1867இல் ஏசு சபைப் பாதிரிமார் இடித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் யாரும் அழவில்லை. அது யாருடையது என்றே தெரியாதபோது யார் அழுவார்கள்?

கோபுரம் விழுந்து 31 வருஷம் கழித்து, 1898இல், நெற்றியில் விபூதி அணிந்த சாமிநாதையர் மணிமேகலையை அச்சில் கொண்டுவந்தார். கூடவே புத்தர் சரித்திரத்தையும் பௌத்த தர்மத்தையும் எளிய தமிழில் எழுதிக் கொடுத்தார். ராஜராஜன் நெல் அளந்ததற்குச் சமமான காரியம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றும் நம் பக்கத்து வயல் வரப்பிலோ குளக்கரையிலோ கருங்கல் புத்தர் கண்மூடி உட்கார்ந்திருப்பார். யாரோ ஒரு கிழவி 'முனி' என்று சொல்லி விளக்கேற்றிவிட்டுப் போவாள். பெயர் மறந்துவிட்டது, விளக்கேற்ற மறக்கவில்லை. பெயரையும் தெரிந்துகொண்டு ஏற்றினால் என்ன?