கற்பூரம் வந்த வழி

பிள்ளைக்குச் சளி பிடித்தால் தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தடவுவது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம்.

முற்காலத்தில் உயர்ந்த கற்பூரம் சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறைமுகத்திலிருந்து வந்தது. மலாய்மொழியில் அதன் பெயரே 'காப்பூர் பாருஸ்'. அப்பகுதியிலுள்ள லோபு துவாவில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. கற்பூரத் துறையில் நம் வணிகர் நிலைகொண்டிருந்தமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ? அக்கற்பூரத்தைத் தந்த மர இனத்தைக் கெப்போங் வன ஆய்வுக் கழகத்தில் இன்றும் காணலாம். மாணவரை அழைத்துச் செல்லத் தக்க இடம்.

ஆயினும் இன்று கடையில் கிடைக்கும் வில்லை பெரும்பாலும் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைனைக் கொண்டு ஆலையில் செய்யப்படுவது. பெயர் பழையது, பொருள் புதியது. குழந்தை அதைச் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். தைலங்களில் கற்பூரம் 11 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று அமெரிக்கா 1983இல் வரையறுத்தது. நாம் வீட்டில் கரைக்கும் எண்ணெயில் அளவேது?

ஆகவே பெற்றோர்களே, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குக் கற்பூரம் தடவாதீர்கள். எந்த வயதுப் பிள்ளைக்கும் மூக்கருகில் வேண்டாம். வெதுவெதுப்பான கஞ்சியும் ஓய்வும் போதும். ஒரு வயது கடந்த பிள்ளைக்கு இரவு இருமலுக்குச் சிறிது தேன் கொடுக்கலாம். அதற்கு முன் தேனும் ஆகாது. மூச்சு வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.