நோயின் வம்சாவளி

வியட்நாமின் காடுகளை இலையுதிரச் செய்வதற்காக அமெரிக்க விமானப்படை 1962 முதல் 1971 வரை தெளித்த களைக்கொல்லிகள் ஏழு கோடி லிட்டருக்கும் அதிகம். அவற்றுள் பெரும்பங்கு ஏஜெண்ட் ஆரஞ்சு. பீப்பாயைச் சுற்றித் தீட்டிய பட்டையின் நிறமே அதற்குப் பெயராயிற்று. அதில் கலந்திருந்த டையாக்ஸின் உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்காகத் தங்கிவிடக் கூடியது. போர் 1975இல் ஓய்ந்தது. நஞ்சு ஓயவில்லை.

தழும்பில்லாத இந்தக் காயத்தை ஒரு படைவீரன் எவ்வாறு மெய்ப்பிப்பான்? அமெரிக்கா 1991இல் இயற்றிய சட்டம், வியட்நாம் மண்ணை மிதித்தவர் நஞ்சுக்கு ஆளானவரே என அனுமானிக்க இடமளித்தது. அதன்கீழ் ஏற்கப்பட்ட நோய்களோடு 2001இல் இரண்டாம் வகை நீரிழிவும் சேர்ந்தது. நீரிழிவு தனியாக வருவதில்லை என்பதைத் தமிழ் வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீரகம், கண், பாதத்து நரம்பு என ஒவ்வொன்றாய்ப் பற்றும். போர்ப்பணியால் வந்த நோய் இன்னொரு நோயைப் பெற்றால் அதுவும் போர்ப்பணியின் பிள்ளையே என்கிறது இழப்பீட்டு விதி. முன்பே இருந்த நோயை அது முற்றச் செய்திருந்தால், முற்றிய அளவுக்கும் இழப்பீடு உண்டென்று 1995இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வம்சாவளிக்குச் சாட்சி பெரும்பாலும் மருத்துவர் எழுதும் ஒற்றை வாக்கியம். இதனால் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதியேனும் வாய்ப்புண்டு என்றால் போதும். தராசு சமமாக நின்றால் தீர்ப்பு வீரன் பக்கம். எனக்குத் தெரிந்து இத்தனை கனிவான சந்தேகத்தைச் சட்டம் வேறெங்கும் அனுமதித்ததில்லை. ஆனால் கூட்டல் கணக்கில் கனிவில்லை. 50 விழுக்காட்டு ஊனமும் 30 விழுக்காட்டு ஊனமும் சேர்ந்தால் 80 ஆகாது. முதலாவது போக எஞ்சிய பாதி மனிதனில் 30 விழுக்காடு, அதாவது 15. ஆக 65; அதை 70 என முழுமையாக்குவார்கள்.

அமெரிக்க வீரர்களுக்கு ரசாயன நிறுவனங்கள் 18 கோடி டாலர் தர 1984இல் உடன்பட்டது நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் முன்னிலையில். அதே நஞ்சுக்கு அதே நிறுவனங்கள்மீது வியட்நாமியர் தொடுத்த வழக்கும் அவரிடமே வந்தது. களைக்கொல்லித் தெளிப்பை அன்றைய சர்வதேசச் சட்டம் தடைசெய்திருக்கவில்லை என்று கூறி 2005 மார்ச்சில் அவர் அதைத் தள்ளுபடி செய்தார். 2009இல் உச்சநீதிமன்றமும் விசாரிக்க மறுத்துவிட்டது.