அஜைல் முறை

மென்பொருளை முழுதாகச் செய்து கடைசி நாளில் கையில் கொடுக்காமல், சிறு சிறு பகுதிகளாக உருவாக்கி, ஒவ்வொன்றையும் பயன்படுத்துவோரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போகும் வேலைமுறைகளின் பொதுப்பெயர் அஜைல். ஸ்க்ரம், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், கான்பன் ஆகியவை இதில் அடங்கும்.

இந்தப் பெயர் நிலைத்தது 2001 பிப்ரவரியில். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்குத் தலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் அஜைல் அறிக்கையை எழுதினார்கள். முறைகள் அதற்கும் மூத்தவை. ஜெஃப் சதர்லாந்தும் கென் ஷ்வேபரும் ஸ்க்ரம் முறையை 1995இலேயே முன்வைத்துவிட்டனர்.

ஸ்க்ரம் குழுவில் பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் இருப்பதில்லை. செய்ய வேண்டியவை எல்லாம் பேக்லாக் என்ற பட்டியலில் முக்கியத்துவ வரிசையில் நிற்கும். வரிசையைத் தீர்மானிப்பவர் புராடக்ட் ஓனர். மேலிருந்து சிலவற்றை எடுத்து, ஒரு மாதத்துக்கு மிகாத ஸ்பிரின்ட்டுக்குள் முடிக்க வேண்டும். தினமும் 15 நிமிடக் கூட்டம் உண்டு. ஸ்பிரின்ட் முடிவில் காட்ட வேண்டியது ஓடுகிற மென்பொருள்; 'எண்பது சதவீதம் முடிந்துவிட்டது' என்ற பேச்சு இங்கே செல்லாது.

அந்தப் பேச்சுக்கு எவ்வளவு செலவாகும் என்பதை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நன்றாகவே அறியும். வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்ற அது எடுத்த ஒரு முயற்சி, சுமார் 17 கோடி டாலர் திட்டம், 2005இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டே, அதே வேலைக்காகச் சென்டினல் என்ற புதிய திட்டம் தொடங்கியது. ஒப்பந்தம் லாக்ஹீட் மார்ட்டினுக்குப் போனது. 2010 ஆகஸ்டில் பார்த்தால், 45.1 கோடி டாலர் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 40.5 கோடி செலவாகியிருந்தது. நான்கு கட்டங்களில் வந்துசேர்ந்தவை இரண்டே.

எஃப்.பி.ஐ. பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது. ஆட்களைக் குறைத்தது. தேவைகள் சிறு சிறு 'ஸ்டோரி'களாக உடைக்கப்பட்டன. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட், ஒவ்வொன்றின் முடிவிலும் டெமோ. இதுவும் சொன்ன தேதிக்கு வந்துவிடவில்லை. 2011 செப்டம்பர் என்ற கெடு தள்ளிப்போனது. அக்டோபரில் நடந்த ஒத்திகையில் அமைப்பு இரண்டு முறை நின்றுபோக, பழைய வன்பொருள் தாங்காது என்று தெரிந்தது. ஊழியர்கள் எல்லாருக்கும் திறந்துவிடுவதற்கு முன்பே அது தெரிந்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 2012 ஜூலை 1 அன்று சென்டினல் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது.

முறை பரவியபோது சடங்கும் கூடவே வளர்ந்தது. தினமும் நின்றபடி கூட்டம் போட்டு, வருடக் கடைசியில் ஒரே ரிலீஸ் விடும் நிறுவனங்களும் தங்களை அஜைல் என்றே சொல்லிக்கொள்கின்றன. அவை பழைய முறையில்தான் இருக்கின்றன. பயிற்சியும் சான்றிதழும் தனி வியாபாரமாயின. அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான டேவ் தாமஸ், அஜைல் செத்துவிட்டது என்று 2014இல் எழுதினார்.